அரிசிப் பானைக் கடிதம்

"பச்சையரிசி எங்கை, ஒருக்காக் கொண்டு வாங்கோ" என்று குருக்கள் இரண்டாம் முறையும் குரல் கொடுத்தார். கணவனின் தலைமாட்டில் குந்தியிருந்த பத்மாசனி திடுக்கிட்டு எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் தோளைப் பிடித்து அமர்த்திவிட்டார்கள்.

"விடுங்கோ, நான் எடுத்துக்கொண்டு வாறன்."

"உங்களுக்கென்ன விசரே? தலைமாட்டை விட்டு எழும்புறதோ? இருங்கோ. விமலா எடுக்கட்டும்."

மகள் விமலேஸ்வரி ஏற்கெனவே குசினிக்குள் போய்விட்டாள். பானையின் மூடியை எடுத்து நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. முற்றத்தில் பறைமேளம் அடித்துக்கொண்டிருந்தது, ஒப்பாரி வேறு. இருந்தும் அந்த மண்மூடியின் சத்தம் பத்மாசனிக்குக் கேட்டது. பிறகு அளக்கும் சுண்டு அரிசிக்குள் இறங்கிய சத்தம். பிறகு ஒன்றையும் காணவில்லை. அரிசி அள்ள அவ்வளவு நேரம் செல்லாது.

மகள் திரும்பி வந்தபோது ஒரு கையில் அரிசிச் சுளகு இருந்தது. மற்றக் கையில் காக்கி நிறத்தில் நீளமான அரசாங்கக் கடிதம். உறை உடைக்கப்பட்டிருந்தது, மேலெல்லாம் அரிசித் தூள். சுளகைக் குருக்களிடம் கொடுத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் குனிந்து, கடிதத்தை அவளுடைய மடியில் வைத்தாள்.

"இதென்னம்மா?"

பத்மாசனி அதை முந்தானையால் மூடினாள்.

"அப்பா ஒவ்வொரு நாளும் தபால் கந்தோருக்குப் போனது இதுக்குத்தானே?"

காலையில் இருந்து தொண்டை கிழியக் கதறிய பிள்ளையின் முகத்தில் இப்போது அழுகையைக் காணவில்லை. அவள் போய்த் தகப்பனின் கால்மாட்டில் இருந்துகொண்டாள். அங்கிருந்து தாயைப் பார்த்தாள். செத்த வீட்டில் அப்படி ஒரு பார்வையைத் தாங்குவதைவிட நாலுபேர் கூடி அடித்திருந்தாலும் பரவாயில்லை.

கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. போன கிழமை திங்கட்கிழமை தபாற்காரன் படலையில் மணியடித்தபோது கனகலிங்கம் வயலில் நின்றார். பத்மாசனிதான் வாங்கினாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்துக்கூட்டாமலே வாசித்தாள். பொலிஸ் மேற்பார்வைச் சபை உறுப்பினர் திரு. கனகலிங்கம் அவர்களுக்கு என்று தொடங்கியது. தோமஸ் என்பவரின் கை பொலிஸ் காவலில் முறிக்கப்பட்டது எனத் தாங்கள் செய்த முறைப்பாடு எதிர்வரும் பங்குனி மாதம் மூன்றாம் வியாழன் காலை பத்து மணிக்குச் சந்தியிலுள்ள அரசாங்கத் தங்கும் விடுதியான வாடிவீட்டில் விசாரிக்கப்படும். தங்களிடம் இருப்பதாகச் சொல்லும் ஆவணம் அன்றைக்கு மேசையில் வைக்கப்படாவிட்டால் பொலிசாரின் அறிக்கையே ஏற்கப்பட்டு விசாரணை முடிக்கப்படும்.

வாசித்துவிட்டுக் குசினிக்குள் போனாள். பச்சையரிசிப் பானைக்குள் முழங்கை முட்டக் கையை விட்டு அதைப் புதைத்தாள். அவர் எதை எதையோ கிண்டிப் பார்க்கும் மனுசன்தான். ஆனால் பச்சையரிசிப் பானையைத் திறக்கமாட்டார். பொங்கலுக்கும் விரதத்துக்கும் தவிர அதை வேறு யாரும் திறப்பதில்லை. செத்தவீட்டுக்கும் திறப்பார்கள் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை.

அந்தச் சபையைப் பற்றிச் சொன்னால்தான் அவளுடைய கோபம் விளங்கும். வட்டக்கச்சிக்கு அப்பால் காட்டை வெட்டிக் கொடுத்த குடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த சனங்களுள் கனகலிங்கமும் ஒருவர். வந்து பத்து வருசத்தில் சந்திக்கு ஒரு பொலிஸ் நிலையமும் வந்தது. பொலிஸ் வந்த பிறகு களவு குறைந்ததோ இல்லையோ, அடி கூடியது. சனங்கள் பெட்டிசன் எழுதி எழுதி, கடைசியில் அரசாங்கம் ஒரு சபையை ஏற்படுத்தியது. ஊரவர் ஐந்து பேர். சம்பளம் இல்லை. சனிக்கிழமை தோறும் ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டுக்குள் அடைபட்டிருப்பவர்களைப் பார்த்து, அங்குள்ள புத்தகத்தில் எழுதிவிட்டு வரவேண்டும். மற்ற நாலு பேரும் போனார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதினார்கள், வந்தார்கள். கனகலிங்கத்துக்கு மட்டும் அது மெய்யாகவே ஒரு சபையாக இருந்துவிட்டது.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கூட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவனிடம் இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டச் சொல்வார். "விரலை மடக்கு. விரி. திரும்ப மடக்கு." பிறகு பெயர், நேரம், காயம் இருந்தால் எந்த இடம் என்று எழுதிப் பக்கத்தின் அடியில் அவனிடமே கையெழுத்தும் வாங்குவார். பொலிஸ்காரர் சிரிப்பார்கள். வந்திட்டார் டொக்டர் ஐயா என்பார்கள். அதோடு விடாமல் புத்தகத்தின் தாளுக்குக் கீழே ஒரு கார்பனும் வெற்றுத் தாளும் வைப்பார். வாய்க்கால் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது தண்ணீர் முறைப் பட்டியல் ஒன்று காணாமற் போய், அவர்தான் களவாய்த் தண்ணீர் பாய்ச்சினார் என்று பெயர் வாங்கிய நாளில் இருந்து வந்த பழக்கம் அது. குடியேற்றத்தில் அவருக்கு 'கார்பன் கனகலிங்கம்' என்றுதான் பட்டம். பத்மாசனியே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மார்கழியில் கூட்டுறவுச் சங்கக்கடையை யாரோ உடைத்தார்கள். கரையோரத்தில் இருந்து சைக்கிளில் கருவாடு விற்க வந்த தோமஸை வெள்ளிக்கிழமை பிடித்தார்கள். சனிக்கிழமை கனகலிங்கத்தின் முறை. அவன் கையை நீட்டினான், விரலை மடக்கினான், விரித்தான், வலக்கையால் கையெழுத்து வைத்தான். திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோது அந்தக் கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது. பிடிக்கும்போதே அப்படித்தான் இருந்தது, கடையை உடைத்து ஓடும்போது விழுந்து முறித்தவன் என்றது பொலிஸ். புத்தகத்தில் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தை எலி அரித்துவிட்டதாம். மற்றப் பக்கம் ஒன்றையும் தொடாமல் அதை மட்டும் தேடித் தின்ற எலி.

கார்பன் தாள் கனகலிங்கத்திடம் இருந்தது. "இதை ஒருத்தரிட்டயும் குடுக்கமாட்டன். விசாரணை மேசையிலதான் வைப்பன்" என்று றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அன்றைக்குத் தொடங்கியது அவருக்குச் சனி. நெல்லேற்றிய வண்டிலைச் சந்தியில் மூன்று தரம் மறித்துக் கொட்டிப் பார்த்தார்கள். சைக்கிளுக்கு லைற் இல்லையென்று வழக்குப் போட்டார்கள், பட்டப்பகலில். விமலேஸ்வரிக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தம், பொலிசோடு பகையாம், பிறகு பார்ப்பம் என்று கைவிட்டுப் போனது. இரண்டாவது சம்பந்தம் வாத்தியார் மாப்பிள்ளை. போன வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன், திங்கட்கிழமை, கடிதம் வருகிறது.

என்ன செய்வாள்? ஊரான் பிள்ளையின் கைக்காகத் தன்னுடைய பிள்ளையின் கழுத்தை வெறுங்கழுத்தாக விடுவாளா? வியாழக்கிழமை ஒன்று கழிந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், பலகாரம் தின்றார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். கனகலிங்கம் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குச் சைக்கிளை எடுத்தார், மூன்று மைல் மிதித்துச் சந்தித் தபால் கந்தோரில் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார், திரும்பி வந்தார். "இஞ்சேரப்பா, அவங்கள் கடிதத்தைத் தபாலிலயே அமத்திப்போட்டாங்களோ தெரியேல்லை" என்றார். அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்து, சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு, தண்ணி கேட்டார். செம்போடு அவள் வருவதற்குள் மரத்தடியில் சரிந்துவிட்டார்.

பந்தலுக்குள் மேளம் நின்றது. பிரேதம் எடுக்கமுன் பேச்சு. குடியேற்றத்தில் யார் செத்தாலும் யாராவது எழும்பி இரண்டு வார்த்தை பேசவேண்டும். இன்றைக்குப் பேச எழும்பியவர் மேற்பார்வைச் சபையின் தலைவர் இளையதம்பி. சங்கக்கடைக்கும் அவர்தான் தலைவர், தபால் கந்தோருக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்கும் அவர்தான் முதலாளி. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. கையில் தாள் வைத்திருந்தார்.

"அமரர் கனகலிங்கம் அவர்கள் அஞ்சாநெஞ்சர். நீதி ஒன்றையே கண்ணாகப் போற்றியவர். அவருடைய இழப்பால் எமது சபை ஒரு தூணை இழந்து நிற்கிறது..."

தூணாம். பத்மாசனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாசிக் கூட்டத்தில் நாலு பேரும் சேர்ந்து அந்தத் தூணைப் பார்த்து, உமக்கு விளம்பர ஆசை என்று சொன்னவர்கள். முறைப்பாட்டில் ஒரு கையெழுத்து வையுங்கோ என்று அவர் வீடு வீடாய்ப் போய்க் கேட்டபோது ஒருவருக்குத் தடிமன், ஒருவர் கோயிலுக்குப் போயிருந்தார், ஒருவருக்குப் பேனை எழுதவில்லை.

பேச்சு முடிந்ததும் இளையதம்பி அவளுடைய தமையன் யோகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த நேரத்தில கேக்கிறதெண்டு நினைக்காதேங்கோ. அவரிட்டச் சபைக் கடதாசி ஏதும் இருந்தால் என்னட்டத் தந்துவிடுங்கோ. நாளைக்கு விசாரணை. தலைவர் எண்ட முறையில நான் பாத்துக்கொள்ளுறன்."

"உங்களுக்கும் கடிதம் வந்ததோ?"

"ஓம், சபையில எல்லாருக்கும் அனுப்பினவை."

"எப்ப?"

"போன கிழமை. திங்களோ, செவ்வாயோ."

"அவர் ஒவ்வொரு நாளும் உங்கட கடை வாசலாலதானே தபால் கந்தோருக்குப் போனவர். கண்டனீங்களோ?"

இளையதம்பி சால்வையைச் சரி செய்தார். "கண்டனான். அவருக்கும் வந்திருக்குமெண்டு நினைச்சன்."

"வந்திருந்தால் ஏன் திரும்பத் திரும்ப வாறார் எண்டு நினைக்கேல்லையோ? ஏழு நாள். மனுசன் வேர்க்க விறுவிறுக்க வந்து கடிதம் வந்ததோ எண்டு கேட்டுப்போட்டுப் போறார், நீங்கள் கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறியள். 'கனகலிங்கம், வியாழக்கிழமை விசாரணையாம்' எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை."

"பிள்ளை, சத்தம் போடாதை" என்றான் யோகலிங்கம். "சனம் பாக்குது."

இளையதம்பியின் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. துப்பியிருப்பாள். ஆனால் அந்தக் கடிதம் மடியில் கிடந்து சுட்டது. அவன் கதிரையில் இருந்து செய்ததைத்தான் அவள் அடுப்படியில் இருந்து செய்தாள். இந்த நாய்க்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அவன் சாவுக்குச் சோடித்துக்கொண்டு வந்து பேசுகிறான், அவள் தலைவிரி கோலமாய் இருந்து அழுகிறாள், அவ்வளவுதான். கோபத்தைக் கொண்டுபோய் இறக்க அவளுக்கு ஓர் இடம் இல்லை.

"கடதாசி ஒண்டும் இல்லை" என்றாள். "போங்கோ."

அப்போதுதான் பந்தலின் வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டாள். கருகரு என்று வெயிலில் காய்ந்த உடம்பு, கறுப்புக் கரை வைத்த வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. தோமஸின் தாய் மார்கிறட். முன்பு இரண்டு தரம் வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று கனகலிங்கத்தோடு கதைத்துவிட்டுப் போனவள். நாளைய விசாரணைக்கு முதல் அவரைக் கண்டு பேசலாம் என்று காலைப் பஸ்ஸில் கடற்கரையில் இருந்து வந்திருக்கிறாள். படலைக்கு வந்த பிறகுதான் வெள்ளை கட்டியிருப்பதைக் கண்டிருக்கிறாள்.

ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். மார்கிறட்டும் வரிசையில் வந்து சுளகுக்குக் கையை நீட்டினாள்.

"வேதக்காரர் போடுறதோ?" என்றான் யோகலிங்கம்.

"போடட்டும் அண்ணை. இஞ்ச போட்டுட்டுப் போற எல்லாரையும்விட அந்த மனுசிக்கு உரிமை இருக்கு."

மார்கிறட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குனிந்து, அரிசியை அவர் வாயில் மெல்ல விட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நிமிர்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். பெருவிரல்களை வெள்ளைச் சீலைத் துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

கடைசியாகப் பத்மாசனியின் முறை. குருக்கள் அவளுடைய கையில் அரிசியை வைத்தார். அவள் பிடியை அவர் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். அந்தக் கடிதத்தை ஒன்பது நாள் மூடிக் கிடந்த அரிசி. இதையா அவருக்குக் கடைசிச் சோறு என்று போடுவது? கை இறங்க மறுத்தது. சுளகிலேயே திரும்பக் கொட்டிவிட்டாள்.

"பாவம், தாங்கேலாமல் கிடக்கு அவாவுக்கு" என்றாள் ஒருத்தி. கால்மாட்டில் இருந்து மகள் மட்டும் அதைச் சரியாக விளங்கிக்கொண்டு பார்த்தாள்.

பிரேதம் எடுத்தார்கள். யோகலிங்கத்தின் மகன் பாலன் கொள்ளிக்குடத்தோடு முன்னால் போனான். பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். மேளச் சத்தம் வாய்க்கால் கட்டால் போய் முதிரை மரங்களுக்கு அப்பால் தேய்ந்தது. வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். பத்மாசனியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் அள்ளி வார்த்தார்கள். ஈரச் சேலையோடு அவள் நின்றபோது மார்கிறட் கிட்ட வந்தாள்.

"அம்மா, செத்தவீட்டில கேக்கப்படாதுதான். நாளைக்கு ஐயா வாறன் எண்டு சொன்னவர். அந்தக் கடதாசி அவரிட்ட இருக்கெண்டு சொன்னவர். இனி ஆர் அதைக் கொண்டு வாறது?"

"விசாரணை நாளைக்கெண்டு அவருக்குத் தெரியாது" என்றாள் பத்மாசனி.

"எனக்கும் கடிதம் வந்தது. எங்கட மாதா கோயில் சுவாமிதான் வாசிச்சுச் சொன்னவர். அவருக்கு வரேல்லையோ?"

"வந்தது. நான் ஒளிச்சு வைச்சிட்டன்."

வாளியைப் பிடித்திருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். மார்கிறட் இன்னும் ஓர் அடி கிட்ட வந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பத்மாசனியும் எதிர்பார்க்கவில்லை.

"ஏன்?"

"என்ர பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தனாங்கள்."

"எனக்குப் படிப்பில்லை. நீங்கள் வாசிக்கத் தெரிஞ்ச ஆள்." மார்கிறட்டின் குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அறைந்தது. "வாசிச்சுப்போட்டு வைச்சிருக்கிறியள். மறியற் சிறைக்குள்ள போய் என்ர பிள்ளையைப் பாத்தனீங்களே? விரல் மடங்குதில்லை. சோத்தை அள்ளேலாது. பக்கத்தில இருக்கிற கள்ளன் ஊட்டி விடுறான். இனி வலை இழுக்கேலாது, தண்டு பிடிக்கேலாது. உங்கட மகளுக்கு இந்த மாப்பிள்ளை இல்லாட்டில் வேற மாப்பிள்ளை. என்ர மகனுக்கு வேற கை எங்கயம்மா இருக்கு?"

பத்மாசனிக்கு, யாரோ ஒருவர் கடைசியில் சரியான ஆளைப் பிடித்து ஏசுகிறார்கள் என்று இருந்தது.

"இண்டைக்கு இஞ்ச தங்குங்கோ" என்றாள்.

"துடக்கு வீட்டிலயோ?"

"உங்களுக்குத் துடக்கில்லைத்தானே. தங்குங்கோ. காலமை ரெண்டுபேரும் போவம்."

விடிய யோகலிங்கம் காடாற்றுக்குப் போக ஆயத்தமாகி வந்தபோது பத்மாசனி வெள்ளைச் சேலை உடுத்து, தலையை முடிந்து, முற்றத்தில் நின்றாள். மார்கிறட் பக்கத்தில் நின்றாள்.

"எங்க போறாய்?"

"வாடிவீட்டுக்கு."

"உனக்கு மூளை பிசகிப் போச்சோ? புருசனை எரிச்ச சாம்பல் இன்னும் ஆறேல்லை. முப்பத்தொண்டு நாள் துடக்கு முடியாமல் படலை தாண்டுறதோ? தாலி அறுத்த பொம்பிளை சந்திக்குப் போறாள் எண்டு நாளைக்கு ஊர் சிரிக்கும். உன்ர மகளை ஆர் கட்டுவான்?"

"அந்தக் கதையைச் சொல்லித்தான் என்ர புருசனைக் கொன்றனான் அண்ணை. இனி அதை எனக்குச் சொல்லாதேங்கோ."

"குடுக்கிறதை என்னட்டத் தா. நான் இளையதம்பியரிட்டக் குடுத்துவிடுறன்."

அவள் தமையனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு அவன் தோளில் இருந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு சுடலைப் பக்கமாக நடந்தான்.

றங்குப்பெட்டியின் பூட்டுத் திறப்பைத் தேடவேண்டியிருக்கவில்லை. விமலேஸ்வரி பெட்டியைத் திறந்து கார்பன் தாளை எடுத்து, தகப்பன் சனிக்கிழமைகளில் கொண்டுபோகும் துணிப்பைக்குள் வைத்து, பையைப் படலைக் கம்பில் கொழுவியிருந்தாள். நேற்று மடியில் போட்ட கடிதமும் அதற்குள் இருந்தது. நேற்றில் இருந்து அவள் தாயோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இப்போதும் கதைக்கவில்லை. ஆனால் சைக்கிள் சாத்தியிருந்த வேப்பமரத்தடியில் நின்று, தாய் படலை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மைலும் இரண்டு பெண்களும் நடந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் நின்றவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒரு கிழவன் ஒழுங்கையால் வந்தவன், வெள்ளைச் சேலையைக் கண்டு, சகுனம் பிழைத்தது என்று வேலியோரம் ஒதுங்கிக் காறித் துப்பினான். பத்மாசனி நின்று அவனைப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

வாடிவீட்டு மண்டபத்தில் ஒரு நீள மேசை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த அதிகாரி நடுவில் இருந்தார். தலை நரைத்த, மூக்குக் கண்ணாடி போட்ட மனுசர். பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு கிளாக்கர். ஒரு புறம் இன்ஸ்பெக்டர் தொப்பியை முழங்காலில் வைத்தபடி. மறுபுறம் சபை உறுப்பினர் நாலுபேர். இளையதம்பி அவளைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"ஐயா, இவ எங்கட காலஞ்சென்ற உறுப்பினர்ர மனுசி. நேற்றுத்தான் பிரேதம் எடுத்தது. துடக்குக்காரர் இப்பிடிச் சபையில வந்து நிக்கிறது முறையில்லை. ஒரு தவணையைப் போட்டு, முப்பத்தொண்டு முடிய..."

"தவணை போடலாம்தான்" என்றார் அதிகாரி தயக்கத்தோடு.

"போடேலாது" என்றாள் பத்மாசனி. "இண்டைக்கு வைக்காட்டில் விசாரணை முடிஞ்சுதெண்டு நீங்கள்தான் எழுதி விட்டிருக்கிறியள். துடக்கு எனக்கு. கடதாசிக்கு இல்லை."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி அமர்த்திவிட்டு, "கொண்டு வாங்கோ" என்றார். இளையதம்பி தன் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், அவளுடைய சேலை பட்டுவிடாமல் இருக்க.

அவள் தாளை மேசையில் வைத்தாள். ஊதா நிறக் கார்பன் எழுத்து. அதிகாரி அதை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். தேதி, நேரம், பெயர். இரண்டு கையும் நீட்டினார். விரல்கள் பத்தும் மடக்கி விரித்தார். இடது கன்னத்தில் வீக்கம், வேறு காயம் இல்லை. வலக்கையால் தேத்தண்ணிக் கோப்பை பிடித்தார். வலக்கையால் கையொப்பம் இட்டார். அடியில், கோணல்மாணலாக, தோமஸ் என்று.

அதிகாரி தாளை வைத்துவிட்டுப் பொலிஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியின் விளிம்பைத் துடைத்தார்.

"இதை நான் ஏற்றுக்கொள்ளுறன்" என்றார் அதிகாரி. "ஆனால் ஒண்டு. உங்கட கணவர் போன சனிக்கிழமையும் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், தவணை எப்ப எண்டு கேட்டு. நாங்கள் அறிவித்தல் அதுக்கு முதலே அனுப்பியாச்சு. அறிவித்தல் கிடைச்ச ஆள் ஏன் அப்பிடிக் கேக்கிறார்? கிடைச்சும் கிடைக்காத மாதிரி நாள் கடத்தி இந்தத் தாளைப் பிறகு தயாரிச்சவர் எண்டு பொலிஸ் சொல்லலாம். கடிதம் எப்ப கிடைச்சது அம்மா?"

மார்கிறட் சுவரோரத்தில் நின்று அவளைப் பார்த்தாள். பத்மாசனி பைக்குள் கையை விட்டுக் காக்கி உறையை எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி மடிப்பை விரித்தபோது உள்ளே இருந்து நாலைந்து பச்சையரிசி மேசையில் சிந்தியது. அவர் விளங்காமல் அதைப் பார்த்தார். கிளாக்கர் புறங்கையால் தட்டிவிடப் போனான். பத்மாசனி குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"திங்கட்கிழமை கிடைச்சது. என்ர கையில கிடைச்சது. அவருக்கு நான் குடுக்கேல்லை. அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சனான். இல்லாத கடிதத்தைத் தேடி ஏழு நாள் அவர் தபால் கந்தோருக்குப் போனவர். எட்டாம் நாள் செத்துப்போனார். தெரிஞ்சும் அவருக்குச் சொல்லாத ஆக்கள் இந்த மேசையில வேறயும் இருக்கினம். அதை அவை சொல்லட்டும். என்ர பங்கை நான் சொல்லிப்போட்டன். எழுதுங்கோ."

இளையதம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கிளாக்கருக்குத் தலையை ஆட்டினார். கிளாக்கர் பேனையை உதறிக்கொண்டு, "முதலில இருந்து சொல்லுங்கோ. பெயர்?" என்றான்.

"கனகலிங்கம் பத்மாசனி."

பேனை மெதுவாகத்தான் ஓடியது. அவன் கேட்டதற்கெல்லாம் அவள் நின்றபடியே பதில் சொன்னாள். அவன் எழுதி முடிக்கும்வரைக்கும் அவள் அந்த விரல்களை விரிக்கவில்லை.